எந்தப் போரிஸ்?



சில நாட்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மேனாட்டு இசையில் ஆர்வங்கொண்டவர். 'போரிஸ் கோதுனோவ்' என்னும் ருஷ்ய இசை நாடகத்தை முழுமையாகக் கேட்க விரும்புவதாகவும், அதற்குப் பல ஒலிப்பதிவுகள் இருப்பதைக் கண்டு மலைத்து நிற்பதாகவும் கூறினார். "இவற்றுள் எது ஐயா சிறந்தது? ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அதையே கேட்டுவிடுகிறேன்" என்றார்.

நான் உடனே விடை கூறவில்லை. "தம்பி, நீ கேட்க விரும்புவது எந்தப் போரிஸை?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் திகைத்தார். பாடகரின் பெயரையோ இசைநடத்துநரின் பெயரையோ நான் கேட்கிறேன் என்று எண்ணிக்கொண்டார். நான் கேட்டது அதுவன்று. அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதற்கண் கதையைச் சுருக்கமாகக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்ய நாட்டில் நிகழ்ந்த வரலாறு இது. கொடுங்கோலன் எனப் பெயர் பெற்ற ஜார் இவான் 1584இல் இறந்தான். அவன் மகன் பியோதர் பட்டத்துக்கு வந்தான். ஆட்சிப் பொறுப்போ பியோதரின் மைத்துனனாகிய போரிஸ் கோதுனோவின் கையில் இருந்தது. இவானின் இளைய மகன் திமித்ரி என்னும் சிறுவன் 1591இல் உக்ளிச் என்ற ஊரில் கழுத்தில் காயத்துடன் இறந்து கிடந்தான். 1598இல் பியோதரும் பிள்ளையின்றி இறக்கவே, போரிஸ் ஜார் ஆனான். சில ஆண்டுகளில் பெரும் பஞ்சம் வந்தது. பிறகு, "இறந்ததாகச் சொல்லப்பட்ட திமித்ரி நானே" என்று கூறிக்கொண்டு ஒருவன் போலந்திலிருந்து படையோடு வந்தான். 1605இல் போரிஸ் திடீரென்று இறந்தான்.

சிறுவன் திமித்ரியைக் கொல்வித்தவன் போரிஸ்தானா? வரலாற்று ஆசிரியர்கள் அதை உறுதியாகச் சொல்வதில்லை. ஆனால் கவிஞர் புஷ்கின் 1825இல் எழுதிய நாடகத்தில் போரிஸே குற்றவாளி. குற்றத்தால் பெற்ற முடி தலையை அழுத்த, மனச்சான்றினால் அணு அணுவாகச் சாகும் ஒரு மன்னனை அவர் படைத்தார். அந்த நாடகத்தை இசை நாடகமாக்கியவர் மொதெஸ்த் முஸோர்க்ஸ்கி. 1839இல் பிறந்த அவர், படையில் அதிகாரியாக இருந்து விலகி, அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக வயிறு வளர்த்தவர். இசைக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர்.

மனிதன் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்தே பாட்டு பிறக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஏழைப் பெண் கெஞ்சும் குரல் ஒரு விதம். காவலன் அதட்டும் குரல் வேறு விதம். குடித்த பாதிரி உளறும் குரல் மற்றொரு விதம். இவற்றை இசையின் வழக்கமான அழகுக்குள் அடைத்துவிடாமல், பேச்சு எப்படி முறிகிறதோ அப்படியே இசையும் முறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். அதனால் அவர் இசையில் எதிர்பாராத இடத்தில் தாளம் மாறும். வாக்கியம் பாதியில் நிற்பது போலப் பாட்டு நிற்கும். முடிசூட்டு விழாவில் ஒலிக்கும் மணிகளைக் கேளுங்கள். இரண்டு சுரக்கூட்டுகள் மாறி மாறி மோதுகின்றன. அக்காலத்து இலக்கணப்படி அவை ஓரிடத்தில் நின்று இப்படி ஊசலாடுதல் கூடாது. ஆனால் பெரிய கோயில் மணிகள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது அவை இசை இலக்கணத்தைக் கேட்டுக்கொண்டா அடிக்கின்றன?

இனி நம்முடைய சிக்கலுக்கு வருவோம். முஸோர்க்ஸ்கி இந்த நாடகத்தை ஒரு முறை அன்று, இரு முறை எழுதினார். 1868இல் தொடங்கி 1869இல் முடித்தது முதற் பாடம். அதில் ஏழு காட்சிகள். போரிஸின் சாவோடு அது முடிகிறது. பேரரசின் நாடக அரங்க நிர்வாகத்தார் 1871இல் அதை ஏற்க மறுத்தனர். முதன்மையான பெண் பாத்திரம் இல்லை என்பது முக்கியமான குறையாகச் சொல்லப்பட்டது. முஸோர்க்ஸ்கி அதைத் திருத்தி 1872இல் இரண்டாம் பாடத்தை முடித்தார். போலந்துப் பிரபுவின் மகள் மரீனா வந்தாள், காதல் வந்தது, அரண்மனைக் காட்சி பெரிதும் மாற்றி எழுதப்பட்டது. இறந்த சிறுவனின் உருவம் போரிஸின் கண்ணுக்குத் தோன்றும் நடுக்கமான பகுதியில் கடிகாரம் அடிக்கும் ஒலி அதிலேதான் வந்து சேர்ந்தது. இந்தப் பாடம் 1874இல் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரின்ஸ்கி அரங்கில் மேடையேறியது.

இரண்டு பாடங்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை முடிவில் இருக்கிறது. முதற் பாடத்தில் புனித பசீல் தேவாலயத்தின் முன் ஒரு காட்சி உண்டு. பசித்த மக்கள் ஜாரிடம் உணவுக்குக் கையேந்துகிறார்கள். அங்கே ஒரு பித்தன் இருக்கிறான். உலக அறிவு இல்லாதவனாயினும் கடவுளுக்கு நெருங்கியவன் என்று ருஷ்ய மக்கள் போற்றும் பரதேசி அவன். சிறுவர்கள் அவனிடமிருந்த ஒரு காசைப் பறித்துவிடுகிறார்கள். அவன் ஜாரைப் பார்த்து, அந்தச் சிறுவனை நீ கொல்வித்தாற்போல் இவர்களையும் கொல்வி என்கிறான். தனக்காகப் பிரார்த்திக்குமாறு ஜார் வேண்டும்போது, குழந்தைகளைக் கொன்ற ஏரோது மன்னனுக்காகப் பிரார்த்திக்க முடியாது என்று மறுத்துவிடுகிறான். நாட்டில் எவரும் சொல்லத் துணியாத உண்மையைச் சொல்ல ஒரு பித்தன் வேண்டியிருந்தது.

இரண்டாம் பாடத்தில் முஸோர்க்ஸ்கி இக்காட்சியை எடுத்துவிட்டார். அதற்கு மாற்றாக, போரிஸ் இறந்த பிறகு, குரோமி என்னும் ஊரின் அருகே காட்டில் மக்கள் கிளர்ச்சி செய்யும் காட்சியை எழுதினார். பித்தனும் காசும் இக்காட்சிக்கு இடம் மாறின. பொய்த் திமித்ரியின் பின்னால் மக்கள் ஆர்ப்பரித்துப் போய்விடுகிறார்கள். வெறிச்சோடிய மேடையில் பித்தன் தனியே அமர்ந்து ருஷ்ய நாட்டுக்கு வரப்போகும் துன்பத்தை எண்ணிப் புலம்புகிறான். திரை விழுகிறது. முதற் பாடம் ஒரு மன்னனின் கதை. இரண்டாம் பாடம் ஒரு நாட்டின் கதை. இரண்டையும் எழுதிய கை ஒன்றே. இரண்டும் அதனதன் அளவில் நிறைவானவை.

இதோடு நின்றிருந்தாலும் தேர்வு எளிது. மூன்றாவது கை ஒன்று வந்து சேர்ந்தது. அது ஒரு நண்பரின் கை. ஓர் ஆசிரியரின் கையுங்கூட.

நிக்கோலாய் ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவ், முஸோர்க்ஸ்கியின் நெருங்கிய தோழர். 1871ஆம் ஆண்டு இருவரும் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் அறையில் சேர்ந்து குடியிருந்தனர். இருவருக்கும் ஒரே பியானோ. காலையில் முஸோர்க்ஸ்கி அதில் அமர்வார். நண்பகலில் அவர் அலுவலகத்துக்குப் போன பிறகு ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவ் அமர்வார். அந்த அறையில்தான் போரிஸின் இரண்டாம் பாடத்தில் ஒரு பகுதி உருவாயிற்று. அதே ஆண்டில் ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவ் இசைக் கல்லூரியில் பேராசிரியராகவும் அமர்ந்தார். அவரும் முறையாகப் பயின்றவர் அல்லர். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்பதற்காக, பதவி ஏற்ற பிறகு இலக்கணத்தை அடியிலிருந்து தாமே கற்றார். அந்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் கற்ற இலக்கணம் அவர் கண்ணில் ஒரு கண்ணாடியாகவும் அமர்ந்துவிட்டது.

1881இல் முஸோர்க்ஸ்கி குடியால் உடல் நலிந்து, 42ஆம் வயதில் ஒரு படைத்துறை மருத்துவமனையில் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் போரிஸ் பீட்டர்ஸ்பர்க் மேடையிலிருந்து மறைந்தது. தோழரின் படைப்பு அழிந்துவிடக் கூடாது என்று எண்ணிய ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவ் அதைக் கையில் எடுத்தார். பிழை என்று தமக்குப் பட்ட சுரக்கூட்டுகளைத் திருத்தினார். முறிந்த தாளத்தை நேராக்கினார். மங்கலாக இருந்த வாத்திய அமைப்பைப் பளபளக்கச் செய்தார். சில பகுதிகளை வெட்டினார். குரோமிக் காட்சியை முன்னே தள்ளி, போரிஸின் சாவைக் கடைசியில் வைத்தார். அப்பாடம் 1896இல் அரங்கேறியது. பின்னர் வெட்டியவற்றைத் திரும்பச் சேர்த்து மற்றொரு பாடமும் அமைத்தார். அதை 1908இல் தியாகிலெவ் பாரிஸ் நகரில் மேடையேற்றினார். ஷாலியாப்பின் போரிஸாகப் பாடினார். உலகம் வியந்தது. அன்று முதல் பல பத்தாண்டுகள் உலகம் அறிந்த போரிஸ் இதுவே.

1928இல் பாவெல் லாம் என்னும் அறிஞர் முஸோர்க்ஸ்கியின் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி மூலத்தைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் லெனின்கிராதில் முதற் பாடம் முதன்முறையாக மேடை கண்டது. 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஷோஸ்தகோவிச் முஸோர்க்ஸ்கியின் சுரங்களை மாற்றாமல் வாத்திய அமைப்பை மட்டும் புதிதாக எழுதினார். 1975இல் டேவிட் லாயிட்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் மூலத்தைச் செம்மையாகப் பதிப்பித்தார். பழைய நூல்களைப் பதிப்பிக்கும் புலவர்கள் பாடபேதம் என்று ஒன்றைச் சொல்வார்கள். இந்த இசை நாடகத்தில் பாடபேதமே ஒரு பெருங்கதை. ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுக்குமுன், பாடகர் யார் என்பதைக் காட்டிலும் பாடம் யாருடையது என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

இப்போது பதிவுகளைப் பார்ப்போம். எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை. எனக்குப் பழக்கமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழமையில் முதலிடம் ஷாலியாப்பினுக்கு. 1928ஆம் ஆண்டு லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அவர் பாடியபோது அரங்கிலிருந்தே சில பகுதிகளைப் பதிவு செய்தார்கள். அவர் ருஷ்ய மொழியில் பாடுகிறார். உடன் பாடுவோர் இத்தாலிய மொழியில் விடை கூறுகிறார்கள்! அக்காலத்து வழக்கம் அது. இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமே ஓடும். ஒலியில் இரைச்சல் மிகுதி. ஆயினும் சாவின் வாயிலில் நின்று மகனிடம் பேசும் அந்தக் குரலைக் கேட்டவர் மறக்க மாட்டார். பாட்டு எங்கே முடிகிறது, மூச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. இது முழு நாடகமன்று. ஒரு பெரிய நடிகரின் நிழல். முதலில் கேட்க வேண்டியது இதுவன்று. கேளாமல் விடக் கூடியதும் அன்று.

முழுப் பதிவுகளில் 1948ஆம் ஆண்டு மாஸ்கோ பல்ஷோய் அரங்கத்தார் கோலொவானோவ் தலைமையில் செய்த பதிவு புகழ் பெற்றது. மார்க் ரெய்ஸன் போரிஸாகப் பாடுகிறார். இவான் கொஸ்லோவ்ஸ்கி பித்தனாகப் பாடுகிறார். பாடம் ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவுடையது, ஆனால் அவர் தொடாத பசீல் தேவாலயக் காட்சியை, இப்போலித்தோவ்-இவானோவ் என்பவர் வாத்தியப்படுத்திய வடிவில் அதனோடு சேர்த்திருக்கிறார்கள். கொஸ்லோவ்ஸ்கியின் மெலிந்த உச்சக் குரல் குளிரில் நடுங்கும் மனிதனின் குரல். அந்தச் சிறிய பாத்திரத்துக்காகவே இப்பதிவைத் தேடிக் கேட்பவர் உண்டு.

1952இல் பாரிஸ் நகரில் டோப்ரோவன் நடத்திய பதிவில் பல்கேரியரான போரிஸ் கிறிஸ்தோஃப் பாடினார். போரிஸ், மன்னனின் குற்றத்தை ஏட்டில் எழுதும் முதிய துறவி பீமன், குடிகாரப் பாதிரி வர்லாம் ஆகிய மூன்று பாத்திரங்களையும் அவர் ஒருவரே பாடியிருக்கிறார். 1962இல் க்ளூய்தான்ஸ் தலைமையில் மீண்டும் அப்படியே செய்தார். குரலை மாற்றும் அவருடைய திறமை வியக்கத்தக்கது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இறுதியில் துறவி பீமன் ஜாரின் முன் வந்து நின்று, இறந்த சிறுவனின் கல்லறையில் குருடன் ஒருவன் பார்வை பெற்ற அற்புதத்தைச் சொல்கிறான். அந்தச் சொல்லே போரிஸை வீழ்த்துகிறது. குற்றஞ் சாட்டுபவனும் குற்றவாளியும் நேருக்கு நேர் நிற்கும் கட்டம். அங்கே இருவரும் ஒரே மனிதரானால் நாடகம் எங்கே? மேடையில் இயலாத ஒன்றை ஒலிப்பதிவு செய்து காட்டிவிடுகிறது. அதனாலேயே அது சரியாகிவிடாது. எனினும் போரிஸின் மனவேதனையை மட்டும் கேட்க வேண்டுமானால் 1952ஆம் ஆண்டுப் பதிவை நான் இன்றும் எடுத்துக் கேட்பேன்.

ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவின் பாடத்தை அதன் முழு அழகோடு கேட்க விரும்புவோர் 1970இல் காரயான் வியன்னா வாத்தியக் குழுவைக் கொண்டு செய்த பதிவைக் கேட்கலாம். நிக்கோலாய் கியாவுரோவ் போரிஸ். மணிகளும் எக்காளங்களும் பொன்னால் இழைத்தாற்போல் ஒலிக்கின்றன. இதைக் கேட்டவருக்கு, மூலத்தில் என்ன குறை இருந்திருக்கும் என்றே கேட்கத் தோன்றாது.

அந்தக் கேள்விக்கு ஒலிப்பதிவு உலகில் முதல் விடை 1976இல் வந்தது. போலந்து வானொலியின் வாத்தியக் குழுவைக் கொண்டு செம்கோவ் முஸோர்க்ஸ்கியின் சொந்த வாத்திய அமைப்பை முதன்முறையாக இசைத்தட்டில் பதிவு செய்தார். பின்லாந்து நாட்டு மார்ட்டி டால்வெலா போரிஸ். 1952ஆம் ஆண்டுப் பதிவில் பொய்த் திமித்ரியாகப் பாடிய நிக்கோலாய் கெதாவே 24 ஆண்டுகளுக்குப் பின் இதிலும் அதே பாத்திரத்தைப் பாடினார். ஒரே பாடகர் இரண்டு பாடங்களுக்குச் சாட்சியாக நிற்கிறார்.

1993இல் அப்பாதோ பெர்லின் வாத்தியக் குழுவைக் கொண்டு செய்த பதிவு மூலப் பாடத்தின் பெருமையை ஐயமற நாட்டியது. மங்கல் என்று குறை கூறப்பட்ட வாத்திய அமைப்பு உண்மையில் மங்கலன்று, இருட்டு என்பது அதைக் கேட்டால் விளங்கும். இருளை வேண்டும் என்றே எழுதியிருக்கிறார் முஸோர்க்ஸ்கி. போரிஸாகப் பாடும் கோச்செர்கா மன்னனாக முழங்குவதைவிட, உறக்கம் கெட்ட மனிதனாக முணுமுணுக்கிறார். இப்பதிவில் இரண்டாம் பாடத்தோடு பசீல் தேவாலயக் காட்சியும் சேர்க்கப்பட்டுள்ளது. கேட்க இன்பமாகவே இருக்கும். ஆயினும் ஆசிரியர் தாமே எடுத்துவிட்ட காட்சியை நாம் திரும்பச் சேர்க்கலாமா என்ற கேள்வி நிற்கிறது. காசைப் பறிகொடுத்த பித்தன் ஒரு நாடகத்தில் ஒரு முறைதானே அழ முடியும்?

1997இல் கெர்கியெவ் மரின்ஸ்கி அரங்கத்தாரைக் கொண்டு இதற்கு நேரிய வழி ஒன்றைக் கண்டார். இரண்டு பாடங்களையும் தனித்தனியே முழுமையாகப் பதிவு செய்து, ஐந்து குறுந்தட்டுகள் கொண்ட ஒரே தொகுதியாக வெளியிட்டார். 1869ஆம் ஆண்டுப் பாடத்தில் புத்திலின் போரிஸ். 1872ஆம் ஆண்டுப் பாடத்தில் வானேயெவ் போரிஸ். தனித்தனிப் பாடகரை எடுத்துக்கொண்டால் இவர்களினும் பெரியோர் பழைய பதிவுகளில் உண்டு. ஆனால் இரண்டு பாடங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால், கேட்பவன் தானே ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. நாடகம் முதலில் மேடை கண்ட அதே அரங்கத்தின் குழுப்பாடகர் பாடுகிறார்கள். மொழி அவர்களுக்கு நாவில் பிறந்தது. இந்த நாடகத்தில் மக்கள் கூட்டமும் ஒரு பாத்திரம் என்பதை மறத்தலாகாது. போரிஸ் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், தேவாலயத்தின் முன் உணவுக்கு அழும் கூட்டம் உயிரற்றுப் பாடினால் அப்பதிவு பாதிப் பதிவே.

மாணவர்களே, இவ்வளவும் சொன்ன நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் நான் ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவின் கட்சியில் இருந்தவன். மூலத்தை முதலில் கேட்டபோது எனக்கு அது கரடுமுரடாகப் பட்டது. "பிழையைத் திருத்துவது குற்றமா? திருத்தியவர் ஆசிரியர் அல்லவா?" என்று நண்பர்களோடு வாதிட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிவப்பு மையோடு வாழ்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

என் எண்ணம் மாறியதற்குக் காரணம் இசை மட்டுமன்று. ஒரு வறட்சி ஆண்டில், பள்ளி மலருக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரை ஒன்றைக் கொடுத்தான். தீவனமில்லாமல் தன் தந்தையார் உழவு மாட்டைச் சந்தையில் விற்ற நாளைப் பற்றியது. வாக்கியங்கள் துண்டு துண்டாக இருந்தன. சந்திப் பிழைகள் மலிந்திருந்தன. நான் உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் திருத்தினேன். அவன் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன: "மாடு திரும்பிப் பார்த்தது. அப்பா பார்க்கவில்லை." அதை நான், "அம்மாடு எம்மைப் பிரிய மனமின்றித் திரும்பித் திரும்பி நோக்கிற்று, தந்தையாரோ துயரம் தாளாது தம் முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டார்" என்று ஆக்கினேன். மலர் அச்சாகி வந்தது. எல்லாரும் பாராட்டினர். அவனை அழைத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவன் தலை குனிந்தபடி, "நல்லா இருக்குங்க ஐயா. ஆனா இது நான் எழுதினது இல்லீங்களே" என்றான்.

அப்போது அதை ஒரு சிறுவனின் கூச்சம் என்று எண்ணினேன். பல ஆண்டுகள் கழித்து, போரிஸின் இரண்டு பாடங்களையும் ஓர் இரவில் அடுத்தடுத்துக் கேட்டேன். ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவின் பளபளப்புக்குப் பின் முஸோர்க்ஸ்கியின் முறிந்த வாக்கியம் ஒலித்தது. அந்தக் கணத்தில் அந்தப் பையனின் குரல் என் காதில் விழுந்தது. மறுநாள் பழைய பெட்டிகளையெல்லாம் புரட்டினேன். அவனுடைய கையெழுத்துத் தாள் எங்கும் இல்லை. அச்சுக்குப் போனபின் எறிந்துவிட்டிருந்தேன். அந்த இரண்டு வாக்கியங்கள் போக, அவன் கட்டுரை என்னால் அழிந்தது.

இந்த இடத்தில்தான் ரிம்ஸ்கி-கோர்ஸக்கோவ் என்னினும் மேலானவர். அவர் தோழரின் கையெழுத்துப் படிகளை அழிக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார்: பழைய சுவரோவியத்தின் மேல் தாம் நிரந்தரமாக வண்ணம் பூசிவிடவில்லை என்றும், மூலமே மேலானது என்று என்றாவது மக்கள் முடிவு செய்தால் தம்முடைய திருத்தத்தை ஒதுக்கிவிட்டு மூலத்தை மேடையேற்றலாம் என்றும் பொருள்படச் சொல்லியிருக்கிறார். அவ்வாறே நடந்தது. இன்று பெரும்பாலான அரங்குகள் மூலப் பாடங்களையே மேடையேற்றுகின்றன. அவர் திருத்தாமல் இருந்திருந்தால் உலகம் இந்த நாடகத்தை அறிந்திருக்குமோ, ஐயமே. அவர் மூலத்தை அழித்திருந்தால் உலகம் இதை உள்ளபடி அறிந்திருக்க முடியாது. இரண்டுக்கும் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆதலால் அவருடைய பாடத்தில் அமைந்த பதிவுகளை இகழ்ந்து ஒதுக்குவதும் நன்றியன்று.

இனி, தேர்வு செய்யும் முறையைத் தொகுத்துச் சொல்கிறேன். ஒரு பதிவை எடுத்தவுடன் உறையில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். முதலாவது, பாடம் யாருடையது, எந்த ஆண்டினது? இரண்டாவது, கடைசிக் காட்சி எது: மன்னனின் சாவா, பித்தனின் புலம்பலா? மூன்றாவது, குழுப்பாடகர் யார், எந்நாட்டினர்? இவற்றுக்குப் பிறகே போரிஸாகப் பாடுபவர் பெயரைப் பாருங்கள். பின்னர் முடிசூட்டு விழாக் காட்சியை மட்டும் இரண்டு பதிவுகளில் கேளுங்கள். காரயானுடையதும் அப்பாதோவுடையதும் போதும். எங்கே மணிகள் மின்னுகின்றன, எங்கே அவை அச்சுறுத்துகின்றன என்று உங்கள் செவியே சொல்லும். பாட்டின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்; பேச்சிலிருந்து பிறந்த இசையைப் பொருள் அறியாமல் கேட்பது பாதிக் கேள்வி. முழு நாடகத்தையும் ஒரே நாளில் கேட்க முயல வேண்டா. இரண்டாம் பாடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாளொன்றுக்கு ஓர் அங்கம் போதும்.

ஒன்றே ஒன்றைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்றால், மாணவனுக்கு நான் சொல்வது கெர்கியெவின் தொகுதி. அதிலும் 1869ஆம் ஆண்டுப் பாடத்தை முதலில் கேட்க வேண்டும். சுருக்கமானது, ஒரே மூச்சில் பாய்வது, காதலும் அலங்காரமும் குறுக்கே வராதது. அடுத்து இரண்டாம் பாடம். அதற்குப் பின் காரயான். ஷாலியாப்பினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அவர் நிழல் எவ்வளவு நீளமானது என்பது தெரியும்.

என்னைத் தேடி வந்த மாணவர் இப்படித்தான் கேட்டு முடித்தார். சென்ற வாரம் மீண்டும் வந்தார். எனக்கு முதற் பாடமே பிடிக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். அவரோ, "எனக்கு இரண்டாம் பாடம்தான் ஐயா பிடித்தது. மன்னன் செத்தபின் நாடகம் முடியக் கூடாது. அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டாமா?" என்றார். அவரைத் திருத்த என் கை எழவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.